மலைச்சாலையும் இரண்டு சக்கரமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மேப்பைப் பார்த்து, கொண்டை ஊசி வளைவு அதிகம் உள்ள சாலையாகத் தேடிப் போகிறேன். போனால் பாதி நேரம் முதல் கியரில் லாரிக்குப் பின்னால் ஊர்கிறேன். எதைப் பார்த்துச் சாலையைத் தேர்வு செய்வது?

கொண்டை ஊசி வளைவு என்பது, மலை செங்குத்தாக நிற்பதால் வேறு வழியில்லாமல் போட்ட வளைவு. படத்தில் அழகாக இருக்கும். ஓட்டும்போது ஒவ்வொன்றிலும் பிரேக், கிளட்ச், முதல் கியர், மறுபடி ஒரு நேர்க்கோடு என்று துண்டு துண்டாகப் போகும். இத்தாலியில் உள்ள ஸ்டெல்வியோ கணவாயில் 2,757 மீட்டர் உச்சிக்கு ஏறும் ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அமெரிக்காவின் டீல்ஸ் கேப் சாலையில் 11 மைலுக்குள், அதாவது சுமார் 18 கி.மீ. தூரத்தில், 318 வளைவுகள் என்று கணக்குச் சொல்வார்கள். இரண்டும் புகழ்பெற்றவைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு வகை. டீல்ஸ் கேப்பில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து எழுவதற்குள் அடுத்த பக்கம் சாய வேண்டியிருக்கும். அந்தப் பதினெட்டு கிலோமீட்டரில் குறுக்கே வந்து சேரும் சாலை எதுவும் இல்லை என்பது அதன் இன்னொரு பலம். நீங்கள் தேடுவது இந்த இரண்டாவது வகை என்று நினைக்கிறோம்.

அதை மேப்பிலேயே கண்டுபிடிக்கலாம். சமவுயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) தெரியும் மேப்பைத் திறந்துகொள்ளுங்கள். சாலை அந்தக் கோடுகளை வெட்டிக்கொண்டு ஏறினால் கொண்டை ஊசிகள் வரும். கோடுகளை ஒட்டியே, மெதுவாக உயர்ந்துகொண்டு போனால் மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து, வெளியே நீட்டி நிற்கும் ஒவ்வொரு மூக்கையும் சுற்றி வரும். தொடர்ந்து சாய்ந்து நிமிரும் வளைவுகள் அங்கேதான் கிடைக்கும். சரிவையும் கணக்கிடுங்கள்: அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 600 மீட்டர் வித்தியாசம், சாலை நீளம் 12 கி.மீ. என்றால் சராசரி 5 சதவீதம். 4 முதல் 6 சதவீதம் வரை பைக்குக்கு இதமான ஏற்றம். 9, 10 சதவீதத்தைத் தொட்டால் கனரக வண்டிகள் தவழும், நீங்களும் அவற்றோடு தவழ்வீர்கள்.

பிறகு சாட்டிலைட் படத்துக்கு மாறி, சாலையில் வந்து சேரும் மண்பாதைகளை எண்ணுங்கள். சேருமிடத்தில் தார் மீது பழுப்பாகவோ வெள்ளையாகவோ கறை விசிறிபோல விரிந்திருந்தால், மண்ணும் ஜல்லியும் டயரில் ஒட்டிச் சாலைக்கு வருகின்றன என்று அர்த்தம். கல்குவாரி, மரம் வெட்டும் இடம், அணைக்கட்டு வேலை எது இருந்தாலும் கறை காட்டிக்கொடுக்கும். அதே மலைக்குப் புதிய அகலச் சாலையோ சுரங்கப்பாதையோ வந்திருந்தால், கைவிடப்பட்ட பழைய சாலையைக் கண்டிப்பாகப் பாருங்கள். லாரிகள் புதியதற்குப் போயிருக்கும். பழையதைப் பராமரிக்கிறார்களா என்பது மட்டும்தான் கேள்வி. சாலையோரப் படங்களைப் பார்க்கும்போது எடுத்த மாதத்தையும் ஆண்டையும் கவனியுங்கள். மூன்று மழைக்காலம் முந்தைய படம் இன்றைய தளத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

கேள்வி: சாட்டிலைட் படத்தில் ஒரு வளைவு எவ்வளவு இறுக்கம் என்று அளக்க முடியுமா?

முடியும். கொண்டை ஊசியின் ஏறும் கையிலிருந்து இறங்கும் கைக்கு, சாலையின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரை அளவுகோல் கருவியால் அளங்கள். 30 மீட்டர் என்றால் ஆரம் 15 மீட்டர். அந்த வளைவை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் எடுக்க வண்டி சுமார் 25 டிகிரி சாய வேண்டும். 40 கி.மீ. என்றால் 40 டிகிரி. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு டயரிடம் கேட்கும் பிடிப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிவிட்டது. ஆரம் 30 மீட்டராக இருந்தால் அதே 40 கி.மீ. வேகத்துக்கு 23 டிகிரி சாய்வு போதும். ஈரமான, தேய்ந்த தாரில் 25 டிகிரியே எல்லையை நெருங்கக்கூடும். அதனால் 15 மீட்டர் ஆர வளைவுகள் வரிசையாக உள்ள சாலையை மழை நாளில் தவிர்ப்பது நல்லது.

ஆரத்தைவிட முக்கியமானது, பக்கத்து வளைவுகளோடு அது ஒத்துப்போகிறதா என்பது. பத்து வளைவும் 40 மீட்டர் ஆரமாக வந்து பதினொன்றாவது மட்டும் 15 ஆக இருந்தால், ஓட்டுபவரின் கண்ணும் கையும் பழைய வேகத்திலேயே நுழையும். உள்ளே போகப்போக இறுகும் வளைவும் அப்படித்தான். மேப்பில் அப்படி ஒன்று தெரிந்தால் அதற்கு முன்னால் வரும் பாலத்தையோ கோயிலையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தளம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தவுடன் எப்படித் தெரிந்துகொள்வது? பள்ளம் இல்லாவிட்டால் நல்ல ரோடுதானே?

பள்ளம் உங்கள் ரிம்மைக் கெடுக்கும். வழுக்கும் தளம் உங்களையே கீழே தள்ளும். பள்ளமே இல்லாத, கண்ணாடிபோல் மின்னும் தார்ச்சாலைதான் எங்களைக் கேட்டால் அதிக ஆபத்து.

தார்ச்சாலையில் இரண்டு வகைச் சொரசொரப்பு உண்டு. ஒன்று பெரியது: ஜல்லிக்கும் ஜல்லிக்கும் இடையில் உள்ள குழி. மழைத்தண்ணீர் டயருக்கடியிலிருந்து வெளியேற வழி தருவது இதுதான். இன்னொன்று சிறியது: ஒவ்வொரு ஜல்லியின் மேல்தோலிலும் உள்ள, உப்புக்காகிதம்போன்ற கரகரப்பு. ரப்பர் பிடித்துக்கொள்வது இந்த இரண்டாவதை. லட்சக்கணக்கான டயர்கள் ஏறி ஏறி இது தேய்ந்துபோகும். சுண்ணாம்புக்கல் ஜல்லி சீக்கிரம் வழவழப்பாகிவிடும், கிரானைட்டும் கருங்கல்லும் நீண்ட நாள் தாங்கும். அதனால்தான் ஒரே மலையில், ஒரே வருடம் போட்ட இரண்டு துண்டுச் சாலைகள் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன.

வண்டியிலிருந்து பார்ப்பதற்கு நிறம் உதவும். ஒளியை விழுங்குகிற சாம்பல் நிறம் நல்லது. சக்கரத்தடம் மட்டும் கருப்பாகப் பளபளத்து, நடுவில் சாம்பலாக இருந்தால் வெயிலில் தார் மேலே கசிந்து ஜல்லியை மூடியிருக்கிறது. ஜல்லித் தலைகள் வெளிறி, ஆற்றுக் கூழாங்கல்போல உருண்டு தெரிந்தால் அது தேய்ந்த தளம். காலையிலோ மாலையிலோ சூரியனை எதிர்நோக்கிப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும், நடுப்பகலில் தெரியாது.

புதிய சாலையில் ஏறியதும், அகலமான, பார்வை மறையாத இடமாகப் பார்த்து ஒருமுறை இறங்குங்கள். குனிந்து, சக்கரத்தடத்தில் விரலை வைத்துத் தேயுங்கள். விரல் ரேகையில் ஜல்லி கரகரவென்று சிக்கினால் திருப்தி. சோப்பைத் தொட்டதுபோல் வழுக்கினால் அந்த வளைவுகளைக் காய்ந்த நாளிலும் நிதானமாக எடுக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நல்ல தளத்தில் தண்ணீர் ஜல்லிகளுக்கிடையே இறங்கி, கல் தலைகள் வெளியே நிற்கும். கெட்ட தளத்தில் மேலேயே பாயாக விரியும். சாலைப் பொறியாளர்களும் இதைப்போல ஒரு சோதனை செய்வார்கள். அளந்த மணலைத் தரையில் கொட்டி, குழிகள் நிரம்பும்வரை வட்டமாகப் பரப்பி, வட்டத்தின் விட்டத்தை அளப்பார்கள். 25 மில்லி மணல் 20 செ.மீ. வட்டமாக நின்றால் சராசரி ஆழம் 0.8 மி.மீ. வட்டம் பெரிதாகப் பெரிதாகத் தளம் வழவழப்பு.

தளத்தின் சாய்மானத்தையும் பாருங்கள். வளைவின் உள்பக்கம் தாழ்ந்திருந்தால் சாலை உங்களைத் தாங்கும். வெளிப்பக்கம் தாழ்ந்திருந்தால் அதே வேகத்தில் தளத்தோடு ஒப்பிட வண்டி கூடுதலாகச் சாய்ந்திருக்கும், நழுவினால் வெளியே தள்ளும். மண் உள்வாங்கிய வளைவுகளில் இது பாதி வளைவில் மாறும். ஓரத்து வெள்ளைக்கோடு எந்த உயரத்தில் ஓடுகிறது என்று முன்கூட்டியே பார்த்தால் பிடிபடும்.

கேள்வி: புதிதாகப் போட்ட தார்ச்சாலையில் டயர் லேசாக வழுக்கியது. புது ரோட்டில் பிடிப்பு அதிகம் இல்லையா?

முதல் சில வாரங்களில் குறைவாகத்தான் இருக்கும். ஜல்லியைச் சுற்றித் தார்ப்படலம் முழுசாக மூடியிருக்கும், அதனால் ரப்பர் தொடுவது கல்லை அல்ல, தாரை. வண்டிகள் ஓடி அந்தப் படலம் தேய்ந்த பிறகுதான் கல்லின் கரகரப்பு வெளியே வரும். தார் தெளித்து மேலே சின்ன ஜல்லி தூவுகிற முறை வேறு ரகம். அதில் ஒட்டாத ஜல்லிகள் சக்கரத்தடத்திலிருந்து ஒதுங்கி, நடுவிலும் ஓரத்திலும் வரம்புபோல் குவியும். கூட்டி எடுக்கும்வரை அந்தச் சாலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் சக்கரத்தடத்தை விட்டு விலகாமல், முன் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு, நிமிர்ந்தே ஓட்டுங்கள்.

கேள்வி: விரிசலை அடைத்த கருப்புக் கோடுகள் மேல் ஏறும்போது பின் சக்கரம் துள்ளுகிறது. ஏன்?

அவற்றில் ஜல்லியே கிடையாது, வெறும் தார்ப்பிசின்தான். வெயிலில் இளகி நகரும், மழையில் கண்ணாடியாகும். குறுக்காகக் கடந்தால் ஒரு கணம்தான், டயர் உடனே மறுபடி பிடித்துக்கொள்ளும். வளைவோடு நீளவாக்கில் ஓடும் கோட்டின் மேல் சக்கரத்தை வைத்துச் சாயாதீர்கள்.

கேள்வி: இடப்பக்கக் கொண்டை ஊசி ஒன்றில் பாதி வழியில் ஜல்லி கிடந்தது. பிரேக் அடித்தேன், முன் சக்கரம் நழுவி விழுந்தேன். ஜல்லி எங்கே இருக்கும் என்று முன்பே யூகிக்க வழி உண்டா?

உண்டு. ஜல்லி கண்ட இடத்தில் கிடப்பதில்லை, அதைக் கொண்டுவந்து போடும் காரணங்கள் சில உண்டு.

நீண்ட லாரியோ பஸ்ஸோ இறுக்கமாகத் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டும். வளைவின் உள் ஓரத்து மண்ணில் இறங்கி, ஏறும்போது ஜல்லியை இழுத்துத் தாரின் மேல் போட்டுவிடும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடக்கொண்டை ஊசியின் உள் ஓரம் உங்கள் பாதையிலேயே இருக்கிறது. நீங்கள் விழுந்த இடம் அதுதான். (வலப்பக்கம் ஓட்டுபவர்கள் இதைத் திருப்பிப் படிக்கவும்.) தார் விளிம்பு உடைந்து பல் பல்லாக இருந்தால், வெட்டிய தடம் மண்ணில் தெரிந்தால், திருப்பத்துக்குப் பின்னால் ஜல்லி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மழை. மலைச்சுவர் பக்கம் உள்ள வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சாலையைக் கடந்து ஓடி, தாழ்ந்த பக்கத்தில் மண்ணை விசிறியாகப் பரப்பும். ஒரு வளைவில் அப்படிக் கண்டால் அடுத்த மடிப்புகளிலும் இருக்கும். மூன்றாவது, வண்டிகள் போகாத இடம். டயர்கள் ஓடும் தடம் தானாகச் சுத்தமாகும், ஒதுக்கப்பட்டதெல்லாம் வளைவின் வெளி ஓரத்திலும் இரண்டு தடங்களுக்கு நடுவிலும் சேரும். புத்தகப்படி வெளி ஓரத்திலிருந்து வளைவுக்குள் நுழைய வேண்டும் என்று படித்துவிட்டு அந்தக் குப்பையின் மேலேயே நுழைபவர்கள் நிறைய. கார் சக்கரத்தடத்துக்கு வெளியே போகாமல் அகலமாக எடுத்தால் போதும்.

டீசலையும் இதோடு சேருங்கள். டேங்க் நிரம்பிய வண்டி அடிவாரத்துப் பங்க்கிலிருந்து கிளம்பி முதல் சில கொண்டை ஊசிகளில் திரும்பும்போது மூடி வழியாகச் சிந்தும். அதனால் அடிவாரத்திலிருந்து எண்ணி ஐந்தாறு வளைவுகளுக்கு மூக்கையும் கண்ணாகப் பயன்படுத்துங்கள். ஈரத்தில் வானவில் நிறம் தெரியும், காய்ந்ததில் கருப்புக் கறைதான் தெரியும், ஆனால் வாசனை இரண்டிலும் வரும்.

இனி வேகம். மணிக்கு 50 கி.மீ. என்றால் நொடிக்கு 14 மீட்டர். கண் பார்த்துக் கை பிரேக்கைத் தொட ஒரு நொடி, நல்ல காய்ந்த தாரில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 16 மீட்டர். மொத்தம் 30 மீட்டர். 60 கி.மீ. என்றால் 40 மீட்டர். வளைவில் கண்ணுக்குத் தெரியும் தூரம் 20 மீட்டர்தான் என்றால், அந்தத் தூரத்துக்குள் நிற்க முடிந்த வேகம்தான் அந்த வளைவின் வேகம், வண்டி எவ்வளவு சாயும் என்பது இரண்டாவது விஷயம். இதைக் கணக்குப் போடாமலே கண்ணால் அளக்கலாம். சாலையின் இரண்டு விளிம்பும் தூரத்தில் சேருவதுபோல் தெரியும் புள்ளியைப் பாருங்கள். அது உங்களை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். உங்களைவிட்டு ஓடத் தொடங்கினால் வளைவு விரிகிறது, மெல்ல த்ராட்டிலைத் திறக்கலாம்.

ஜல்லி வந்தேவிட்டால்: அதற்கு முன்னால் உள்ள நல்ல தாரில் பிரேக்கை முடித்துவிடுங்கள். ஜல்லியைத் தொடும்போது பிரேக்கை விட்டு, வண்டியை நிமிர்த்தி, ஹேண்டில்பாரை இறுக்காமல் நேராகக் கடந்து, மறுபக்கம் மறுபடி சாயுங்கள். இதற்கு வெளிப்பக்கத்தில் கொஞ்சம் சாலை மிச்சம் வேண்டும். உள் ஓரத்தை ஒட்டி நுழைந்தவருக்கு அந்த மிச்சம் இருக்கும், எதிர்வண்டி வராதவரை. ஏபிஎஸ் சக்கரம் பூட்டுவதைத் தடுக்கும், ஆனால் சாய்ந்த நிலையில் ஜல்லி மேல் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

கேள்வி: மழைக்குப் பின் எந்தச் சாலை சீக்கிரம் ஓட்டத் தகுதியாகும்?

மேலே சொன்ன மடிப்பும் மூக்கும் இங்கே உதவும். மூக்கைச் சுற்றும் வளைவில் வெயிலும் காற்றும் படும், சீக்கிரம் காயும். ஆனால் மலை உள்பக்கம் நிற்பதால் மறுபக்கம் தெரியாது. மடிப்புக்குள் போகும் வளைவில் பள்ளத்தாக்குக்கு அப்பால் சாலை முழுக்கத் தெரியும், எதிர்வண்டியையும் பார்த்துவிடலாம். ஆனால் ஓடையும் சிறுபாலமும் நிழலும் அங்கேதான். மழை நின்று மூன்று நாள் ஆனாலும் பாறையிலிருந்து கசிவு வரும், பாசி படியும். மரம் மூடிய சாலையில் ஈரமான இலையும் சேரும், அது தாரையே மறைத்துவிடும். சாலை நன்றாகத் தெரிகிறது என்ற தைரியத்தில் மடிப்புக்குள் வேகமாக நுழைவதுதான் வழக்கமான தவறு.

நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் தூறல் கனமழையைவிட மோசம். எண்ணெயும் ரப்பர்த்தூளும் தூசியும் தண்ணீரோடு குழம்பி நிற்கும், நன்றாகப் பெய்தால்தான் கழுவிப்போகும். அரைமணி நேரம் ஒதுங்கி நிற்பதில் நஷ்டமில்லை.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் பிரேக் லீவர் மெத்தென்று உள்ளே போய்விட்டது. அடிவாரத்தில் சரியாகிவிட்டது. என்ன பிரச்சினை?

பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆளோடு 250 கிலோ எடையுள்ள வண்டி 600 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், நாலு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். முழுதும் பிரேக்கிலேயே இறங்கினால் அந்த வெப்பம் டிஸ்க், பேட் வழியாக ஆயிலுக்குப் போகும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி 155 டிகிரிதான் கேட்கிறது. கொதித்தால் குமிழி, குமிழி நசுங்கும், லீவர் உள்ளே போகும். ஆறினால் குமிழி மறைந்து எல்லாம் சரியானதுபோல் தெரியும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். இறங்கும்போது ஏறுவதற்குத் தேவையான கியரோ, அதைவிட ஒன்று குறைவோ வைத்து இன்ஜினால் இழுத்துப்பிடியுங்கள். பிரேக்கை லேசாக உரசவிட்டுக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து முழுதும் விடுங்கள். இடைவெளியில் டிஸ்க் ஆறும். லீவர் மென்மையானால் அங்கேயே ஓரங்கட்டி நிறுத்துங்கள், டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி: பிடிப்பு கூடுவதற்கு மலையேறும் முன் டயர் காற்றைக் குறைக்கலாமா?

தார்ச்சாலைக்கு வேண்டாம். வண்டியில் ஒட்டியுள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஓடிச் சூடான டயரில் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஆறியபின் குறைவாகிவிடும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். உச்சியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது டயர் குளிர்ந்திருக்கும், முதல் சில வளைவுகள் நிதானமாக. டயரின் வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம்.

கேள்வி: ஒரு வளைவில் தாரின் வெளி ஓரத்தில் பிறைநிலா வடிவில் விரிசல் பார்த்தேன். ஓட்டலாமா?

பிறையின் இரண்டு முனையும் பள்ளத்தாக்கை நோக்கி வளைந்திருந்தால், சாலைக்கு அடியில் உள்ள மண் நழுவத் தொடங்கியிருக்கிறது. விரிசலுக்கு வெளிப்பக்கம் உள்ள தார் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்திருந்தால் மலைச்சுவரை ஒட்டி, எதிரே யாரும் இல்லாதபோது, நிற்காமல் கடந்துவிடுங்கள். திரும்பும்போது வேறு வழி பிடியுங்கள், குறிப்பாக இரவில் மழை பெய்தால். சாலைத்துறைக்கு கிலோமீட்டர் கல்லின் எண்ணோடு படம் எடுத்து அனுப்புங்கள். அதே விரிசல் மலைச்சுவரின் பக்கமாகவோ, சாலையின் நீளவாக்கில் நேராகவோ ஓடினால் பெரும்பாலும் தண்ணீர் இறங்கித் தளம் தளர்ந்த விரிசல்தான். அடுத்த மழைக்குப் பிறகு அங்கே பள்ளம் இருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.